பேய்ச் சங்கத்துத் தலைவர்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை கணினிக்கு மாறும் முன்பு, ஏலத்துக்கு வரும் மூட்டைத் தொகுதிகளான லாட்டுகளைக் கூவுகிறவர்களில் லிங்கேஸ்வரனும் ஒருவர். கூவுவது என்றால் லாட் எண்ணையும் கேட்ட விலையையும் சொல்லி, மூன்று தரம் முடிந்ததும் சுத்தியலைத் தட்டுவது. அவர் அதோடு நிறுத்தமாட்டார். "மழைக்கு முந்தின பறிப்பு! பச்சையப் பாருங்கய்யா, கண்ணு கூசுது!" என்று தொடங்கி, காய் விளைந்த மலை, அதில் இறங்கிய மூடுபனி, பறித்த பெண்ணின் வளையல் சத்தம் என்று போவார். அது எந்தத் தோட்டத்துக் காய் என்பதே அவருக்குத் தெரியாது. லாட்டுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. ஒருநாள் வியாபாரி ஒருவர் எரிச்சலோடு, "காயி விக்கிறீங்களா, கதை விக்கிறீங்களா?" என்று கேட்டார். லிங்கேஸ்வரன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பிறகு கணினி வந்தது. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு பொத்தான். கூவ ஆள் வேண்டியதில்லை. வியாபாரிகள் அரை மணி நேரம் முன்னதாகவே சாப்பிடப் போனார்கள். லிங்கேஸ்வரன் ஒரு வியாபாரியின் குடோனில் சாம்பிள் பிரிக்கும் வேலைக்குப் போனார். மரச் சுத்தியலை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி மகாராணி அதைக்கொண்டு இஞ்சி நசுக்கினார்.

பகலில் சாம்பிள் பிரித்தவர் சாயங்காலத்தில் துப்பறியும் கதை எழுதினார். இரண்டு கதைகள் மதுரையிலிருந்து வந்த ஒரு மாத இதழில் அச்சாயின. இரண்டாவது கதை வந்த மறுமாதம் அந்த இதழ் நின்றுபோனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. மாதங்களை மட்டும் சொல்கிறேன். அந்த இரண்டாவது கதையில் கொலை, போடி ரயிலில் நடக்கிறது. அப்போது போடிக்கு ரயில் இல்லை. பழைய பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை வரும் வரும் என்று ஊரே காத்திருந்த காலம்.

"போடிக்கு ரயிலே இல்லையேண்ணே, எப்படி ரயில்ல கொலை நடக்கும்?" என்று குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டும் வெள்ளைத்துரை கேட்டான்.

"அதான் மாப்ளே மர்மம்" என்றார் லிங்கேஸ்வரன்.

வெள்ளைத்துரையும் எழுதுகிறவன்தான். அவனுடையது பேய்க் கதை. குரங்கணிச் சாலையில் எத்தனை வளைவு உண்டோ அத்தனை பேய் வைத்திருந்தான். எல்லாப் பேயும் வெள்ளைச் சேலைதான், எல்லாப் பேயும் லிப்ட் கேட்கும். மூன்றாவதாக ராம்பிரசாத் என்று ஒருவர். பொட்டிபுரத்துக்காரர், கணினிப் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துகிறவர். அவருடையது விஞ்ஞானக் கதை. பொட்டிபுரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோவை ஆராயப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து அவருடைய கதைகளில் எல்லாரும் நியூட்ரினோ பாய்ந்தே செத்தார்கள்.

"அது உடம்புக்குள்ள போனாலும் ஒண்ணும் செய்யாதுன்னு விஞ்ஞானிகளே சொல்றாங்களே சார்?" என்று வெள்ளைத்துரை கேட்டதற்கு, "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று மட்டும் பதில் சொன்னார்.

இந்த மூவரும் 2014-ஆம் ஆண்டு தை மாதம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் சங்கம் தொடங்க முடிவு செய்தார்கள். யோசனை லிங்கேஸ்வரனுடையது.

"லாரிக்குச் சங்கம் இருக்கு, ஜீப்புக்குச் சங்கம் இருக்கு, சுமை தூக்குறவங்களுக்குக்கூட இருக்கு. எழுதிப் பொழைக்கிறவனுக்கு ஒண்ணு இருக்காய்யா இந்த ஊர்ல?"

"எழுதிப் பொழைக்கிறவன் யாருண்ணே இருக்கான்?" என்றான் வெள்ளைத்துரை.

"சங்கம் வந்தா வருவான்."

'ஏலமலைச் சரிவு மர்மம், பேய் மற்றும் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் தொழில்முறைச் சங்கம்' என்று பதிவு செய்தார்கள். பலகை எழுதியவர் 'தொழில்முறை' வரை வந்ததும் இடம் தீர்ந்துபோய், 'சங்கம்' என்பதைக் கீழே ஓரமாகச் சின்னதாக எழுதினார். ஊர்க்காரர்கள் சிரமப்படவில்லை. பேய்ச் சங்கம் என்று சொல்லிவிட்டார்கள். பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். ஏழாவது ஆள் நான். நான் கதை எழுதுவதில்லை. மலைத் தோட்டம் ஒன்றில் மழை அளவும் ஆள் வருகையும் எழுதி ஓய்வு பெற்றவன். நடவடிக்கைக் குறிப்பை ஒழுங்காக எழுத ஒருவர் வேண்டும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

சங்க விதிகளை லிங்கேஸ்வரன் எழுதினார். அவருக்குத் தெரிந்த உலகம் ஏலக்கூடம். ஆகவே விதிகளும் அப்படியே வந்தன. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம். அதில் ஆளுக்கொரு கதை. கதைக்குப் பெயர் கிடையாது, எழுதியவர் பெயரும் கிடையாது, லாட் எண் மட்டும். நடுவர்கள் மூன்று பேரும் ஏலக்காய் வியாபாரிகள். கதை முழுவதையும் படிக்க அவர்களுக்கு நேரம் ஏது? மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்த்தா காய் வாங்குகிறார்கள்? ஒரு பிடி சாம்பிளை எடுத்துக் கசக்கி முகர்ந்து விலை சொல்கிறார்கள். அதுபோலக் கதையின் முதல் இரண்டு பக்கம் சாம்பிள். தலைவர் அதைக் கூவுவார், நடுவர்கள் விலைக்குப் பதில் மதிப்பெண் கேட்பார்கள். எந்த லாட்டு உச்சத்துக்குப் போகிறதோ அதை எழுதியவர் அடுத்த ஆண்டுக்குத் தலைவர். சங்கத்தின் எந்தத் தீர்மானமும் தலைவர் மூன்று தரம் கூவிச் சுத்தியலைத் தட்டினால்தான் செல்லும்.

மகாராணி இஞ்சி நசுக்க வேறு குழவி வாங்கிக்கொண்டார்.

லிங்கேஸ்வரன் அந்த நாற்காலிக்காகத்தான் சங்கம் தொடங்கினார் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். அன்றே தெரிந்ததுதான். உரக்கடை மாடியில் வாடகைக்குப் பிடித்த அறையில், கீழிருந்து வரும் யூரியா வாடைக்கு நடுவே, கையுள்ள ஒரே நாற்காலி அவருடையது. முதல் கூட்டத்தில் சுத்தியலைத் தட்டி "லாட் நம்பர் ஒண்ணு!" என்று அவர் குரல் கொடுத்தபோது கீழே உரம் வாங்க வந்தவர்கள் மேலே ஏறி வந்து பார்த்தார்கள். பெயர் இல்லாத லாட்டு என்றாலும் அவருடைய லாட்டைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மற்றவர்களுடையதைப் படிப்பார். தன்னுடையதற்கு மட்டும் மூடுபனி, வளையல் எல்லாம் குரலிலேயே இறங்கும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவரே தலைவர்.

சங்கம் வளர்ந்தது. கம்பம், சின்னமனூர் என்று ஆள் சேர்ந்தது. அடையாள அட்டை வந்தது. வண்டியில் ஒட்டுவதற்குச் சிவப்பு எழுத்தில் 'எழுத்தாளர்' என்ற ஸ்டிக்கர் வந்தது. அதை ஒட்டிக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் போன வெள்ளைத்துரையைத் தேவாரம் சாலையில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"எழுத்தாளரா? என்ன எழுதுவீங்க?"

"பேய் சார்."

"அப்ப ஹெல்மெட் போடுங்க. செத்துட்டா போட்டியா வந்துருவீங்க."

கூட்டத்தில் இதை வெள்ளைத்துரையே சொல்லிச் சிரித்தான். எழுத்தாளர் மீதான அடக்குமுறையைக் கண்டித்து லிங்கேஸ்வரன் தீர்மானம் கொண்டுவந்தார். மூன்று தரம், சுத்தியல், நிறைவேறியது.

விதியில் இருந்த கோளாறு 2018-இல் வெளியே வந்தது. மதுரையிலிருந்து ஒரு பதிப்பாளர் வந்தார். மலைச்சரிவு மர்மக் கதைகள் என்று ஒரு தொகுப்பு போடலாம், பரிசு பெற்ற கதைகளைக் கொடுங்கள் என்றார். தலைவர் பெருமையோடு ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். பதிப்பாளர் அங்கேயே உட்கார்ந்து படித்தார். முதல் கதையில் இரண்டு பக்கம், அடுத்ததில் இரண்டு பக்கம், அதற்கடுத்ததிலும் இரண்டு பக்கம்.

"பிரமாதமா ஆரம்பிக்குது. மூணாவது பக்கம் எங்கே?"

ஆண்டுக்கணக்கில் இரண்டு பக்கத்துக்கே மதிப்பெண் வாங்கியவர்கள் இரண்டு பக்கம் எழுதுவதில் தேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் பக்கத்தை எவரும் எழுதியிருக்கவில்லை. சாம்பிள் பொட்டலத்தில் மட்டும் நல்ல காயை வைத்துவிட்டு மூட்டையே இல்லாமல் வந்த கதை.

"லோடு பின்னாடி வருது சார்" என்றான் வெள்ளைத்துரை.

பதிப்பாளர் அடுத்த பஸ்சில் மதுரைக்குப் போய்விட்டார். அதன்பிறகாவது விதியை மாற்றலாமா என்று நான் கேட்டேன். "சாம்பிள் சரியா இருந்தா சரக்கு தானா வரும்" என்றார் தலைவர். விதி மாறினால் நாற்காலியும் மாறக்கூடும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு அமுதவள்ளி உறுப்பினராக விண்ணப்பித்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். டைப் அடித்துக் கொடுப்பார், லேமினேஷன் செய்வார். சங்க உறுப்பினர்களின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எல்லா லாட்டும் அவர் கடையில்தான் டைப் ஆகும். தானும் எழுதுவதாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. விதிப்படி தன் கதையின் முதல் இரண்டு பக்கத்தைத் தேர்வுக் குழுவின் மூவருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். குழு என்றால் லிங்கேஸ்வரன், வெள்ளைத்துரை, ராம்பிரசாத்.

"என்ன எழுதுறம்மா? கொலையா, பேயா, விஞ்ஞானமா?" என்று கேட்டார் தலைவர்.

"படிச்சுப் பாருங்கண்ணே. உங்களுக்கே புரியணும்."

"அச்சுல வந்திருக்கா?"

"அச்சுல இல்ல. போன்ல கதை படிக்கிற செயலி இருக்குல்ல, அதுல போடுறேன். நாப்பதாயிரம் பேருக்கு மேல படிக்கிறாங்க."

"நாப்பதாயிரம் பேர் படிச்சா அது செய்தி. கதைன்னா அச்சுல வரணும்."

"உங்க கதையெல்லாம் என் பிரிண்டர்லதானண்ணே அச்சுல வருது?"

ராம்பிரசாத் இருமினார். வெள்ளைத்துரை ஜன்னலைப் பார்த்தான். இது தொழில்முறைச் சங்கம், பொழுதுபோக்குக்கு எழுதுகிறவர்களைச் சேர்க்க முடியாது என்று தலைவர் விளக்கினார். தொழில்முறையாக எழுதி அதுவரை அங்கே யாரும் ஒரு வேளைச் சோறு சாப்பிட்டதில்லை. விண்ணப்பம் தள்ளுபடி. மூன்று தரம், சுத்தியல். அமுதவள்ளி அந்த மூன்று பிரதிகளையும் திரும்பக் கேட்கவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை.

கொரோனாவில் இரண்டு ஆண்டுகள் கூட்டம் நடக்கவில்லை. ஊரே வீட்டில் அடைந்து கிடந்தது, எழுத நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் 2022-இல் பொதுக்கூட்டம் அறிவித்தபோது லிங்கேஸ்வரனிடம் கதை இல்லை. இரண்டு பக்கம்கூட இல்லை. புதிதாகச் சேர்ந்த சின்னமனூர் ஆசிரியர் ஒருவர் நன்றாக எழுதுகிறார் என்ற பேச்சு இருந்தது. நாற்காலி கைவிட்டுப் போய்விடும் என்று தலைவர் குடோனில் சாம்பிளைக்கூடக் கவனமாகப் பிரிக்கவில்லை. ஏழு மில்லிமீட்டர் காய் எட்டு மில்லிமீட்டர் பொட்டலத்தில் போய்த் திட்டு வாங்கினார்.

எங்கள் பக்கத்து வியாபாரத்தில் ரீபூலிங் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஏலத்தில் வாங்கிய காயை வேறு மூட்டைக்கு மாற்றி, வேறு லாட் எண்ணில் அடுத்த ஏலத்துக்குக் கொண்டுவருவது. விவசாயிகள் அதைப் பற்றிப் புகார் சொல்லாத ஆண்டு இல்லை. அந்த ஊரில் வளர்ந்த மனிதருக்கு வேறு யோசனை எப்படி வரும்? அமுதவள்ளியின் இரண்டு பக்கம் மேசை இழுப்பறையில் இருந்தது. அச்சில் வராதது வெளிவராதது என்று அவர் மனதார நம்பினார். அதில் வரும் காவலாளியின் பெயரை மட்டும் மாற்றித் தன் கையெழுத்தில் எழுதினார். கையால் எழுதியது டைப் ஆகவேண்டும். டைப் அடிக்க ஊரில் அவருக்குத் தெரிந்த கடை ஒன்றே ஒன்று.

கூட்டத்தன்று மாடி நிறைந்திருந்தது. நடுவர்களில் மூத்தவர் சின்ராசு என்ற வியாபாரி. மூக்கால் முகர்ந்தே எந்த மலைக் காய் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். பரிசுச் சான்றிதழ்களை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு அமுதவள்ளி வந்திருந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

லாட் ஒன்று சின்னமனூர் ஆசிரியருடையது. எண்பது வரை போனது. லாட் இரண்டை நான் எடுத்துக் கொடுத்தேன். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூவத் தொடங்கினார்.

"விடியக்காலையில் மாரிச்சாமி ஸ்டோரைத் திறந்தபோது, காயோடு காயாக ஒரு சுண்டு விரலும் பதமாகக் காய்ந்து கிடந்தது..."

ஸ்டோர் என்றால் தோட்டத்தில் காய் உலர்த்தும் கட்டடம். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைவரின் குரல்தான் விழுந்துவிட்டது. அவருடைய லாட்டு ஐந்தாவது. இது அவருடையதில்லை. ஆனால் விரல் அவருடைய விரல். கூவுகிறவர் நடுவில் நிறுத்தக்கூடாது என்பது தொழில் பழக்கம், அதனால் நிறுத்தாமல் இரண்டு பக்கத்தையும் முடித்தார். வெள்ளைத்துரை முகத்தில் வெளிச்சம். ராம்பிரசாத் முகத்தில் வியர்வை. நடுவர்கள் தொண்ணூற்றிரண்டு கேட்டார்கள்.

லாட் மூன்றில் யாரோ ஒரு சுடுகாடு. லாட் நான்கு.

"விடியக்காலையில் பெருமாள் ஸ்டோரைத் திறந்தபோது..."

"இருங்கய்யா" என்றார் சின்ராசு. "இந்தக் காய இப்பத்தானே பாத்தோம்?"

"அது லாட் ரெண்டு. இது லாட் நாலு" என்றார் தலைவர்.

"படிங்க பாப்போம்."

படித்தார். ஒரே தரத்துக் காய்க்கு ஒரே விலைதானே. மறுபடியும் தொண்ணூற்றிரண்டு. வெள்ளைத்துரையும் ராம்பிரசாத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரில் ஒருவராவது எழுந்து, என் கதையைத் திருடிவிட்டான் என்று கத்தவேண்டிய நேரம். கத்தினால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

லாட் ஐந்தை நான் நீட்டினேன். தலைவர் வாங்கவில்லை.

"அத விடுங்க. ஆறுக்குப் போவோம்" என்றார் மெதுவாக.

"வரிசை மாறக்கூடாது" என்றேன். அதுவும் அவர் எழுதிய விதிதான்.

வாங்கினார். "விடியக்காலையில்..." என்று தொடங்கினார். அடுத்த வார்த்தைக்குள் மாடி முழுவதும் சேர்ந்து, "ஸ்டோரைத் திறந்தபோது!" என்று முடித்தது.

சின்ராசு எழுந்து நின்றார். "காயிலதான் ரீபூலிங்னு நெனச்சேன். கதையிலயுமா? இது எந்தத் தோட்டத்துக் காய்யா?"

பின்வரிசையில் அமுதவள்ளி கையைத் தூக்கினார். "என் தோட்டத்துதுண்ணே. காவக்காரன் பேரு கன்னையன்."

"மூணையும் நீதானம்மா டைப் அடிச்சிருப்ப? தெரியாதா உனக்கு?"

"தெரியும்ணே. மொத ஆளு கொண்டாந்தப்ப கோவம் வந்துச்சு. ரெண்டாவது ஆளு கொண்டாந்தப்ப சிரிப்பு வந்துச்சு. மூணாவதா தலைவரே கொண்டாந்தாரு. சரி, நம்ம கதை நல்ல கதைதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

மாடி குலுங்கியது. சின்ராசு மட்டும் சிரிக்கவில்லை. வியாபாரி அல்லவா, அவருக்குச் சரக்குதான் முக்கியம்.

"அதெல்லாம் இருக்கட்டும். வெரல் யாரோடது?"

"செயலியில இருக்குண்ணே. கடைசி அத்தியாயம்."

வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் போனை எடுத்தார்கள். எழுத்தாளர் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் எல்லாரும் ஒரே கதையை மூன்றாம் பக்கம் தாண்டிப் படித்தது அன்றைக்குத்தான். அந்த அமைதியில் தலைவர் எழுந்தார். "மூணு லாட்டும் சமம். சமமா வந்தா இருக்கிற தலைவரே தொடர்வார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று அவசரமாகக் கூவிச் சுத்தியலைத் தட்டினார். யாரும் நிமிரவில்லை. மறுப்பு இல்லை என்று குறிப்பில் எழுதவேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து விலகல் கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் சின்னமனூர் ஆசிரியருடையது, எழுத்துப்பிழை இல்லாத கடிதம். ஜீப்பு நிலையத்தில் லிங்கேஸ்வரனைப் பார்த்தால் ஓட்டுநர்கள் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். "அவசரமா? அந்தப் பக்கம் போங்கடா" என்று சொல்லிவிட்டு அவர் நடப்பார். 2024 தொடக்கத்தில் என்னையும் சேர்த்து ஆறு பேர் மிஞ்சினோம். ரயில் வந்துவிட்டது. அவருடைய ரயில் கொலையை இனி எழுதலாம் என்று நான் சொன்னேன். "இப்ப எழுதினா அதுல என்ன மர்மம் இருக்கு?" என்றார்.

பொதுக்கூட்டம் நடத்தக் குறைந்தது ஏழு பேர் வரவேண்டும் என்று எங்கள் விதி. கூட்டம் நடக்காவிட்டால் தலைவர் பதவியைப் புதுப்பிக்க முடியாது. லிங்கேஸ்வரன் ஏழாவது ஆளைத் தேடினார். சொந்தக்காரர்களைக் கேட்டார். குடோனில் மூட்டை தைக்கிறவரைக் கேட்டார். பேய்ச் சங்கம் என்றதும் எல்லாருக்கும் சோலி வந்துவிட்டது. வெள்ளைத்துரையும் ராம்பிரசாத்தும், "எப்படியாச்சும் ஏழாவது ஆளக் கொண்டாங்கண்ணே, கூட்டத்தப் போட்டுருவோம்" என்று ஊக்கப்படுத்தினார்கள். எதற்காகக் கூட்டம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடைசியில் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகவேண்டியிருந்தது. விண்ணப்பத்தை நிரப்ப என்னையும் கூட்டிப்போனார்.

"வர்றேண்ணே. ஆனா ஒரு கடுதாசி வேணும்" என்றார் அமுதவள்ளி. "சங்கத்து லெட்டர்பேடுல. அந்த ரெண்டு பக்கம் என்னோடதுன்னு. தலைவர்னு கையெழுத்துப் போட்டு."

"எழுதிட்டாப் போச்சு. 'அமுதவள்ளியின் எழுத்தால் கவரப்பட்டோம்'னு போடும்மா."

"கவரப்பட்டா கைதட்டணும்ணே. டைப்புக்குக் கொண்டாரக் கூடாது."

"'எடுத்தாண்டோம்'?"

"நான் குடுத்தேனா?"

"'ஒரே சிந்தனை பலருக்கும் தோன்றுவது இயல்பு...'"

"ஒரே வெரல் மூணு பேருக்கா? அந்த ஆளு கை என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லிவிட்டு அவரே டைப் அடித்தார். 'அமுதவள்ளியின் இரண்டு பக்கங்களை நாங்கள் மூவரும் தனித்தனியே எங்கள் பெயரில் போட்டுக்கொண்டோம்.' திரையைத் திருப்பிக் காட்டினார்.

லிங்கேஸ்வரன் வெகு நேரம் படித்தார். கையெழுத்துப் போட்டால் அவர் உச்ச லாட்டுக்காரர் இல்லை என்று ஆகிறது. போடாவிட்டால் சங்கமே இல்லை, நாற்காலியும் இல்லை. பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கீழே 'தலைவர்' என்பதைப் பெயரைவிடப் பெரிதாக எழுதி முத்திரையும் வைத்தார். அமுதவள்ளி அதை அங்கேயே லேமினேட் செய்து, ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு மேலே சுவரில் மாட்டினார். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் படிக்கட்டும் என்று.

அன்று மாலை செய்தி கேட்ட மகாராணி, "கதையக் குடுத்துட்டு நாற்காலியப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. சரி, அதையாவது கெட்டியாப் புடிங்க" என்றாராம்.

கூட்டம் ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழு பேரும் வந்தோம். தலைவர் பட்டுச் சட்டை போட்டிருந்தார். வருகைப் பதிவு முடிந்து, ஆள் தொகை சரி என்று நான் அறிவித்ததும் ராம்பிரசாத் எழுந்தார்.

"சங்கத்துக்கு ஆண்டறிக்கை தாக்கல் பண்ணாம விட்டிருக்கோம். நோட்டீஸ் வந்தா எல்லா உறுப்பினருக்கும் வரும். நான் வேலையில இருக்கிறவன் சார். அதனால சங்கத்தைக் கலைச்சுரலாம்னு தீர்மானம் கொண்டு வர்றேன். இத்தனை நாள் ஏழு பேர் இல்லாம இதைக்கூடச் செய்ய முடியல. தலைவர் கஷ்டப்பட்டு ஏழாவது ஆளைக் கொண்டுவந்ததுக்கு நன்றி."

"வழிமொழியுறேன்" என்றான் வெள்ளைத்துரை.

லிங்கேஸ்வரன் அமுதவள்ளியைப் பார்த்தார்.

"நான் கடுதாசிக்காகத்தான் வந்தேண்ணே. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கை தூக்கச் சொன்னார்கள். ஐந்து கைகள் எழுந்தன. அமுதவள்ளி தூக்கவில்லை, தலைவரும் தூக்கவில்லை. என் கையும் அந்த ஐந்தில் ஒன்று. தாக்கல் செய்யாத அறிக்கையோடு ஒரு சங்கம் இருப்பது எனக்குப் பிடிக்காது.

தலைவர் சுத்தியலை எடுத்தார். பழைய நாள் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சங்கத்தைக் கலைக்கும் தீர்மானம்... ஒரு தரம்."

கீழே யாரோ உர மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டு தரம்."

அதோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நாங்கள் மூன்றாவதுக்குக் காத்திருந்தோம்.

"அண்ணே, மலைக்கு லோடு ஏத்தணும். வெரசா மூணச் சொல்லுங்க" என்றான் வெள்ளைத்துரை.

லிங்கேஸ்வரன் சுத்தியலைத் தட்டாமல் பைக்குள் போட்டார். "கூட்டம் தேநீர் இடைவேளைக்காக ஒத்திவைக்கப்படுகிறது" என்று அறிவித்துவிட்டுப் படி இறங்கினார். டீ சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்த ராம்பிரசாத், "வீட்டுப் பக்கம் போறாரு சார்" என்றார்.

"எனக்குக் கடையில ஆள் காத்துக்கிட்டிருக்கும். இனிமே எந்தக் கூட்டத்துக்கும் நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்று அமுதவள்ளி எழுந்து போனார். அவர் இல்லாமல் ஏழு பேர் இல்லை. ஏழு பேர் இல்லாமல் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாமல் மூன்றாம் தரத்தைச் சொல்ல வைக்க முடியாது.

"குறிப்புல என்ன எழுதப் போறீங்க?" என்று ராம்பிரசாத் கேட்டார். நடந்ததை எழுதினேன். தீர்மானம் முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது, இரண்டு தரம் கூவப்பட்டது. ஆகவே சங்கம் கலையவில்லை. லிங்கேஸ்வரன் அதன் தலைவராகவே இருக்கிறார். தேநீர் இடைவேளை இன்னும் முடியவில்லை.